கொக்கு கேட்டு வாங்கிய தாவல்

பள்ளிக்கூடத்தில் கேலி செய்யத்தான் அவளைக் 'கொக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீளமான கால், அதற்கேற்ற கழுத்து. பிற்பாடு அதே பெயரைச் சொல்லி அரங்கமே எழுந்து நின்று கத்தியது. இருபது வருஷமாக நாட்டில் பெண்கள் உயரம் தாண்டுதல் என்றால் கொக்குதான். மகள் பிறந்த மறு வருஷமே வந்து தாண்டினாள். கணுக்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து, பத்திரிகைக்காரர்கள் கைகழுவிய பிறகும் வந்து தாண்டினாள்.

காலையில் பயிற்சி, அப்புறம் மின்சார அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் ஜன்னல். மேஜைக்கு அடியில் அவள் முழங்காலில் ஐஸ் பை கட்டியிருப்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. கண்ணாடியை மறந்து வந்தவருக்கு ரசீதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

மனதில் ஒரே ஒரு குறை. உலகப் போட்டியில் ஒரு முறை நான்காவதாக வந்தாள். நகத்தளவில் பதக்கம் போயிற்று. இன்னும் ஒரே ஒரு முறை அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். இன்று இந்த மைதானத்தில் முதலாவதாக வருபவருக்கு மட்டும்தான் அந்த இடம். அடுத்த வாய்ப்பு வரும்வரை முழங்கால் தாங்காது.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மகளோடு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கொக்கு வெளியூர் போன நாளெல்லாம் குழந்தையை வளர்த்தவள் அவள்தான்.

"அண்ணி, இன்னிக்குக் கோட்டை விட்டீங்கன்னா இந்த வாண்டை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வயசாகுது."

"உனக்கு வயசாகுதா? அப்ப நான் என்ன, கைக்குழந்தையா?"

போட்டியில் கடைசியாக மிஞ்சியது கொக்கும் ஒரு சின்னப் பெண்ணும். துறுதுறுவென்று இருப்பாள், எல்லோருக்கும் அவள் 'வாலு'. காலையிலிருந்து "அக்கா, அக்கா" என்று கொக்கின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து ஓடிவருகிறவர்கள். ஓட்டம் தொடங்கும் இடம் தெரிய ஆளுக்கொரு துண்டு வெள்ளை நாடாவைத் தரையில் ஒட்டியிருந்தார்கள். அந்த இடம் ஒரு சாண் தவறினால் போதும், கால் தப்பான இடத்தில் விழும், குறுக்கே வைத்த குச்சியும் விழும்.

அப்போது வைத்திருந்த உயரத்தைக் கொக்கு முதல் முயற்சியிலேயே தாண்டினாள். வாலு இரண்டு முறை தட்டிவிட்டாள். அவளுக்கு இன்னும் ஒரு முயற்சிதான் பாக்கி. அடுத்த உயரத்துக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து ஓடலாம் என்று கொக்கு புது நாடாவை ஒட்டினாள். பழையதைப் பிய்த்துச் சுருட்டி எறிந்தாள். எத்தனையோ வருஷப் பழக்கம். கை செய்தது, கண் பார்க்கவில்லை.

வாலு வந்தாள். தரையில் எதையோ தேடினாள். நேரம் ஓடியது. குத்துமதிப்பாக ஓர் இடத்திலிருந்து ஓடினாள். குச்சி அவள் முதுகோடு மெத்தையில் விழுந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"கொக்கு! கொக்கு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கையசைத்தபடி தன் இடத்துக்குப் போன கொக்கு தரையைப் பார்த்தாள். அங்கே இரண்டு நாடாக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டும் அவளுடையவை.

அப்படியானால், பிய்த்தது யாருடையது?

யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கே தெரியாது. போட்டிக்கு முன்னால் கொக்கு ஒருநாளும் சாமியிடம் வெற்றி கேட்டதில்லை. கூடவே இரு என்று மட்டும்தான் கேட்பாள். கூட இருப்பவருக்குத் தெரியாமல் போகுமா? நேரே நடுவரிடம் போனாள்.

"சார், அவ அடையாளத்தை நான் பிச்சுட்டேன். என்னோடதுன்னு நினைச்சுப் பிச்சுட்டேன். அவளுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க."

"அவங்கவங்க அடையாளத்தை அவங்கவங்கதான் பார்த்துக்கணும்மா. ஜெயிச்சாச்சு. ஏன் வம்பை விலைக்கு வாங்குறே?"

"ஜெயிக்கலை சார். தள்ளிவிட்டிருக்கேன்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலைமை நடுவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து தலையாட்டினார்.

கொக்கு மெத்தை அருகே குனிந்தாள். "எழுந்திரு. தப்பு உன்னோடது இல்ல. உன் நாடாவைப் பிச்சது நான்தான்."

"அக்கா, நீங்களா?"

"நானேதான். திட்டுறதை அப்புறம் திட்டு. இப்பப் போய் அளந்து ஒட்டு."

வாலு அளந்தாள், ஒட்டினாள், காற்றைப் போல வந்து தாண்டினாள். குச்சி உயர்ந்தது. அந்த உயரத்தையும் வாலு இரண்டாவது முயற்சியில் தாண்டிவிட்டாள். கொக்கின் கடைசி முயற்சியில் இடுப்பு தாண்டியது, தொடை தாண்டியது. குதிகால் மட்டும் லேசாக உரசியது. குச்சி ஆடியது; யோசித்தது; விழுந்தது.

மெத்தையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்தாள். அழுகை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? இருபது வருஷத்து ஆசை அல்லவா.

வாலு ஓடிவந்து கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதாள். "நீ எதுக்குடி அழறே? ஜெயிச்சவ நீதானே!" என்று கொக்கு அவள் தலையில் செல்லமாகக் குட்டினாள்.

மைதானம் காலியானபின் நாத்தனார் கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துவிட்டாள். மகள் அம்மாவின் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை யாரு அண்ணி வாயைத் திறக்கச் சொன்னா? உங்க இடத்துல அவ இருந்திருந்தா சொல்லியிருப்பாளா?"

"தெரியாது" என்றாள் கொக்கு. "இனிமே சொல்லுவா."

நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா மடக்குங்க" என்றாள்.