கேசட்டின் மறுபக்கம்

மோதிரம் கழலவில்லை. ராஜம்மா சோப்பைக் குழைத்து விரலைச் சுற்றித் தடவி, கணுவில் மாட்டிக்கொண்ட வெள்ளி வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். செத்தவருக்கு வலித்துவிடுமோ என்று பயந்தவள்போல மெதுவாகத்தான் திருகினாள்.

"வுட்ரு அக்கா. அதோடயே போவட்டும்," என்றாள் ஜெயம்.

"சுடுகாட்ல எவன் கைக்கோ பூடும். நீ செத்த சும்மா இரு."

ராஜம்மா ஜெயத்துக்கு ஓரகத்தி. ஜெயத்தின் புருஷன் சுப்பராயலுதான் செத்தவர்; அவருடைய அண்ணன் முனிரத்தினத்தின் மனைவி. கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். முந்தானையில் துடைத்து ஜெயத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மோதிரம் சில்லென்று இருந்தது. அதுவரை அழாமலிருந்த ஜெயத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அன்று திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்த சுப்பராயலு, "தண்ணி குடு" என்றார். அவள் சொம்போடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் வலி வந்தபோதே காஞ்சிபுரத்து டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். படுத்துத்தான் இருந்தார். சுங்குவார்சத்திரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் தகடு தட்டிய மனிதர், பகல் முழுக்க இரும்புக் கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறை வேலை வயிற்றுக்கு. ஊருக்குத் தெரிந்த சுப்பராயலு பாட்டுக்காரர். குன்றத்தூர் மலைக்கும் சுற்றுப்பட்டுக் கோயில்களுக்கும் திருவிழா என்றால் அவர்தான் பாடவேண்டும். இரண்டு கேசட்டும் வந்திருந்தது. இரண்டின் அட்டையிலும் 'பாடல், குரல்: சுப்பராயலு' என்று போட்டிருந்தது. பாடல்களை எழுதியது ஜெயம். காலண்டர் தாளின் பின்புறத்தில், அடுப்பில் சோறு கொதிக்கும்போது எழுதுவாள். முதல் கேசட் வந்தபோது அவர் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் அப்பிடிப் போட்டுட்டான். அட்த்ததுல உன் பேரப் போட்டுக்கலாம்," என்றார். அடுத்ததிலும் அப்படியேதான் வந்தது. அந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நீயே பாடேன் என்று யாராவது சொன்னால் மட்டும் சுப்பராயலு சிரித்துவிடுவார். "எழுத்து அவளுக்கு வருது. பாட்டு வர்ல. ரெண்டாவது சரணம் வந்தா பஸ்சு புடிக்கிறவ மாதிரி ஓடுறா." மெட்டு சொல்லிக் கொடுக்கும்போதும் அப்படித்தான். அவள் வேகம் எடுத்தால் வாயால் சொல்லமாட்டார். கிடைத்த பலகையிலோ தூணிலோ மோதிரத்தைத் தட்டி இழுத்து நிறுத்துவார். அந்தத் தட்டல் அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

பத்து மணிக்கு எல்லப்பன் வந்தான். சைக்கிளின் பின்னால் ஆம்ப்ளிஃபயரும் டேப்பும், தோளில் குழாய் ஸ்பீக்கரும். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"பதினாலு வருசம் என் மைக்குலதான் பாடிச்சு அண்ணன்," என்றான் வாசலில் நின்றபடியே. "அது குரல் கேக்காம எப்பிடி அண்ணி அனுப்புறது?"

குழாயைத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினான். பிறகு ஜெயத்தின் மகள் இசைவாணியைக் கூப்பிட்டு, "அப்பா பாட்டு எதுனா குடு பாப்பா," என்றான். அழுதழுது முகம் வீங்கியிருந்த பெண், வீட்டு டேப்ரெக்கார்டரில் கிடந்த கேசட்டையே எடுத்துக்கொடுத்துவிட்டது.

பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஜெயம் அதைப் பார்த்தாள்.

போன வருஷத் திருவிழாவில் எல்லப்பனே பதிவு செய்துகொடுத்த கேசட் அது. ஒரு பக்கம் சுப்பராயலு. மறுபக்கம் காலியாக இருந்தது. காலியாக இருந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் படுத்த முதல் வாரம் முழுக்க, மதியம் அவர் தூங்கிய பிறகு, ஜெயம் டேப்ரெக்கார்டரை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, தான் எழுதிய எட்டு அம்மன் பாட்டை அந்தப் பக்கத்தில் பாடி வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில் ஒரு பிரதி எடுத்து மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்பினாள். கம்பெனி கோதண்டம் போஸ்ட் கார்டு போட்டிருந்தார்: ஆடிக்குக் கொண்டுவரலாம், இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ரெக்கார்டிங், அட்டையில் உங்கள் பெயர்தான். கார்டு துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. சுப்பராயலுவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான்கு நாள் போய்விட்டது. சிரித்துவிடுவாரோ என்ற பயம்தான். நோயாளி மனிதரை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தலும் இருந்தது. இனி யாரிடம் சொல்வது?

குழாயில் சுப்பராயலு பாட ஆரம்பித்தார். தெருவே ஓவென்று அழுதது. கூடத்தில் மாலையோடு கிடந்தவரே வெளியே நின்று பாடுவதுபோல் இருந்தது. முனிரத்தினம் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயத்தால் அந்தக் குரலில் மனசை வைக்க முடியவில்லை. ஒரு பக்கம் முப்பது நிமிஷம். அதற்குள் கேசட்டை வாங்கிவிட வேண்டும். மகளைத் தேடினாள். பூ வாங்க அனுப்பிவிட்டிருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள், "எங்க போற, குந்து," என்று இரண்டு பக்கமும் பிடித்து உட்காரவைத்தார்கள். தாலியறுக்கப் போகிறவள் வாசலுக்குப் போய் சவுண்டு சர்வீஸ்காரனோடு பேசுவதை எந்தத் தெரு ஒப்புக்கொள்ளும்? பாட்டு ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. கடைசிப் பாட்டு முடிந்து டேப் 'டொக்'கென்று நின்றது. எல்லப்பன் கேசட்டைத் திருப்பிப் போடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

*ஊரச் சுத்தி வந்தவளே, உள்ளங்காலு நோவலையா?*
*கூழு கரைச்சு வச்சிருக்கேன், குந்திக் குடிச்சிட்டுப் போ.*

துணையில்லாத, கொஞ்சம் கரகரத்த பெண் குரல். தெரு திகைத்தது. ராஜம்மா ஓரகத்தியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ... இது நீயாடி?"

ஜெயம் தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. புருஷன் பிணத்தை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு ஊருக்குத் தன் குரலைக் கேட்கவைத்தவள் என்று நாளைக்குப் பேசுவார்கள்.

"இன்னாடா இது?" முனிரத்தினம் எழுந்தார். "எழவு வூட்ல நம்ம வூட்டுப் பொம்பள கொரல குழாயில வுட்டுகினு கீற? நிறுத்துடா."

எல்லப்பன் பதறிப்போய்க் கையை நீட்டினான். பாட்டு இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்திருந்தது. இதற்கு மேல் போக வேண்டாம், இங்கேயே நிற்கட்டும் என்று ஜெயமும் வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

டக்.

பாட்டுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், இரும்பில் இரும்பு படுவதுபோல. கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டக். வீட்டு டேப்ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் இது கேட்டதே இல்லை. எல்லப்பனின் குழாய் அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. குரல் வேகமெடுக்கிற இடத்தில் தட்டல் அழுத்தமாக விழுந்தது. குரல் தயங்கி, அதற்குக் கட்டுப்பட்டு, நிதானமாயிற்று.

இந்தச் சரணத்தில் ஓடாமல் பாடிவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமை. தனியாக அடுக்களையில் நின்று, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தாத எல்லப்பா," என்றாள் ஜெயம்.

சத்தமாகத்தான் சொன்னாள். முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

"ஓடட்டும் மாமா. அவரு கேட்டுகினு கீறாரு."

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தம்பியின் காலடியில் மறுபடி உட்கார்ந்தார். எட்டுப் பாட்டும் ஓடியது. எட்டிலும் அந்தத் தட்டல் இருந்தது. தூங்கவேயில்லை பாவி, ஒரு மதியம்கூடத் தூங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே வாய்விட்டு அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் நல்லது, அழுது தீர்க்கட்டும் என்றார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் போனபிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். ராஜம்மாவும் இன்னொருத்தியும் கட்டிலைப் பின்கட்டுக்குத் தூக்கிவந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

"இத்த யாருக்குனா குடுத்துரு. செத்த கட்டிலு வூட்ல வாணாம்," என்றாள் ராஜம்மா.

"இருக்கட்டும் அக்கா."

ராஜம்மா வற்புறுத்தவில்லை. அவர்கள் போனதும் இசைவாணி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் போஸ்ட் கார்டு இருந்தது. பருப்பு டப்பாவை நகர்த்தும்போது கிடைத்திருக்கும்.

"எப்பம்மா பாடின? எனுக்குக்கூட சொல்லல."

ஜெயம் கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கெழம பன்னெண்டாம் நாளு வருது," என்றாள் மகள். விரல்விட்டு எண்ணியிருந்தாள். "பதினாறாம் நாள் கருமாதி. அதுக்கு முன்ன உன்ன வாசப்படி தாண்ட வுடுவாங்களா? வர முடியாதுன்னு எழுதிப் போட்டுரட்டாம்மா?"

ஜெயம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பெயிண்ட் அடித்த கட்டில். தலைமாட்டுக்குப் பக்கத்தில், அடுக்களைச் சுவரை ஒட்டிக் கிடந்த பக்கத்துச் சட்டத்தில், ஒரு பொட்டு அளவுக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. சுற்றிலும் ஈரம் மினுங்கியது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தாள். அவளுக்கு அது பெரிது. நடுவிரலில் போட்டு, நழுவாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள்.

"எழுத வாணாம். அந்தக் கார்டக் குடு," என்று இடது கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பொட்டின்மேல் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.