முல்லைப் பந்தலும் பால் தொட்டியும்

"அப்பா, யோனாவை முழுங்குச்சே அந்த மீன், அது வயித்துக்குள்ள குளிரா இருந்திருக்குமா?"

ஆறு வயதில் டெபோரா கேட்டது. பம்மலில் பால் குளிரூட்டும் தொட்டிகள் செய்யும் பட்டறையில் ஏற்றுமதிப் பொறுப்பு அவள் அப்பா தனசிங்குக்கு. லாரி நீளத்துக்குப் படுத்திருந்த எவர்சில்வர் தொட்டியைப் பார்த்ததும் குழந்தை கேட்டுவிட்டாள். மீன் வயிற்றில் மூன்று நாள் உயிரோடிருந்த யோனாவின் கதை வேதாகமத்தில் வருவது; அதைத் தினமும் படிக்கிறவருக்கும் பதில் தெரியவில்லை. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கேள்வி மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

ஒவ்வொரு தொட்டியும் கிளம்புமுன் அவர் உள்ளே இறங்கிப் பார்ப்பார். சுவரெல்லாம் கண்ணாடியாய் மின்னும். "கர்த்தாவே" என்று மெல்லச் சொன்னால் குரல் சுற்றி வந்து, யாரோ தலையில் கை வைத்ததுபோல் இறங்கும். ஓர் ஊர் மாடுகளெல்லாம் கறக்கும் பாலை இது ஒன்றே ஏந்திக்கொள்ளுமே என்று நினைக்கையில் மேனி சிலிர்க்கும்.

ஒரு தடவை தொட்டி ஆப்பிரிக்காவில் ஒரு மலைக்கிராமத்துப் பால் சங்கத்துக்கு. அங்கிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது: குளிரவைக்க வழியின்றித் திரிந்துபோன பாலைப் பெண்கள் குடம் குடமாக மண்ணில் கொட்டினார்கள். புறப்படும் அன்று மதியத்துக்குள் துறைமுகத்தில் நுழையாவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை அந்தப் பால் மண்ணுக்கு.

விடிந்ததும் புறப்பட்ட டிரெய்லர் தெருமுனையில் நின்றுவிட்டது. ஒரு மாடி வீட்டு பால்கனியிலிருந்து தெருப்பக்கம் நீண்ட முல்லைப் பந்தல் தொட்டியின் நெற்றியில் இடித்தது. தனசிங் போன மாதமே உயரம் அளந்திருந்தார். ஆனால் நடுவில், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுவிட்டார்கள். தெரு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. மறுபடி அளக்க அவருக்குத் தோன்றவில்லை.

டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். போதவில்லை.

"அருவாளைக் குடுண்ணா, ஒரே வெட்டு," என்றான் டிரைவர் தீனா.

"இரு. கேக்காம கை வைக்கக் கூடாது."

"இன்னாண்ணா நீ! பூச்செடிகிட்ட பர்மிஷன் கேட்டுகினு நின்னா, கப்பல் நமக்கோசரம் நிக்குமா?"

சத்தம் கேட்டு காமு மாமி பால்கனிக்கு வந்தார். அந்தத் தெருப் பெருமாளுக்குத் தினமும் மாலை அந்த முல்லையில்தான். பந்தல், மறைந்த கணவர் தோத்தாத்ரி கட்டியது. தனசிங் அண்ணாந்து நின்று வீடியோவில் கண்டதைச் சொன்னார். அளக்காமல் விட்டது தன் தப்பு என்பதையும் சொன்னார்.

மாமி தொட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். "இத்தனையும் பாலா ரொம்புமா?"

"ஆமாம்மா. தினமும்."

"பெருமாளே பாற்கடல்லதான் பள்ளிகொண்டிருக்கார். பால் போற வழியை நான் மறிச்சுண்டு நிக்கலாமா? மொட்டெல்லாம் பறிச்சுடுங்கோ. அப்புறம் வெட்டுங்கோ."

தீனாவே தொட்டியின் முதுகில் ஏறி, சட்டையைக் கழற்றி விரித்தான்.

"அதுல வேண்டாம்டாப்பா, பெருமாள் மூக்கைப் பொத்திப்பார்!" என்று மாமி பூக்கூடையை நீட்டினார்.

"எங்க அம்மாவுக்கு ஒரு மொழம் கெடைக்குமா மாமி?"

"மொதல்ல பெருமாளுக்கு. மிச்சம் ஒங்கம்மாவுக்கு."

கூடை நிறைந்தது. கொடி சரிந்தது. காலை வெயிலில் வெள்ளிமலை ஒன்று நகர்வதுபோல் தொட்டி அந்த வீட்டைக் கடந்தது. பல் தேய்க்க வந்தவர்கள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றார்கள். மாமி ஒரு பிடி மொட்டை அதன்மேல் தூவினார். மதியத்துக்கு முன்பே துறைமுகம் அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

மறுநாள் தனசிங் பந்தல் போட்டுத் தரப் போனார். "குடுத்தது குடுத்ததுதான். போய் வேலையைப் பாருங்கோ," என்று மாமி அனுப்பிவிட்டார்.

மார்கழி பிறந்தது. வைகுண்ட ஏகாதசி விடியலில் மாமி உட்படத் தெருவே கோவிலில் இருந்தது. தனசிங் ஏணியும் எவர்சில்வர் குழாய்களுமாக வந்தார். தொட்டிக்குப் போடும் அதே துருப்பிடிக்காத ரகம். பால்கனிக் கம்பியில் இறுக்கிப் பூட்டி, இன்னும் எத்தனை ரோடு போட்டாலும் இடிக்காத உயரத்தில் பந்தலை நிறுத்தினார். வெட்டுப்பட்ட கொடி துளிர்த்திருந்தது. துளிரை வாழைநாரால் குழாயோடு சேர்த்துக் கட்டினார்.

பனியில் குழாய் உள்ளங்கையைச் சில்லென்று தொட்டது. மீன் வயிறு குளிராகத்தான் இருந்திருக்கும் மகளே, என்று நினைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவனைக் கெடாமல் காத்து வைத்த குளிர்.

கோவிலில் மணி அடித்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆள் வருமுன் தெருவைக் கடந்தார்.