ராணியின் கையுறை

பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். நாத்தனாருக்கு மட்டும் அண்ணி. பிறர் நாவல்களைச் செதுக்கிச் செதுக்கியே தலை நரைத்தவள். சொந்தமாகத் தொடங்கிய நாவலோ இரண்டாம் அத்தியாயத்திலேயே படுத்துவிட்டது.

பல் டாக்டரான நாத்தனார் ஒருநாள் தாள்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "டிராகன் கதை அண்ணி. பேஷண்ட் வராத நேரத்துல எழுதினேன். சிரிக்காதீங்க."

சிரிக்கலாம் என்றுதான் அண்ணி பென்சிலோடு உட்கார்ந்தாள். ஊரை எரிக்கும் டிராகனைக் கொல்லப் புறப்படும் இளவரசன், கூடவே ஒரு வாயாடிக் குதிரைக்காரன். 'அரைச்ச மாவுதான்' என்று உதட்டைச் சுழித்தாள். டிராகனின் சொத்தைப் பல்லுக்கு ஒரு முழுப் பக்க வர்ணனை இருந்ததைப் பார்த்து நிஜமாகவே சிரித்துவிட்டாள்.

ஏழாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. இளவரசனின் தாய், அந்த நாட்டு ராணி, கையுறையைக் கழற்றுகிறாள். உள்ளே செதில்கள். டிராகனே அவள்தான்!

அண்ணி பரபரவென்று முன்பக்கங்களைப் புரட்டினாள். விருந்தில் கையுறை. மகன் தலையைத் தடவும்போதும் கையுறை. எல்லாம் கண்ணெதிரே இருந்தும் கோட்டைவிட்டிருக்கிறாள். பின்னால் வரப்போவதற்கு முன்குறிப்பு வைப்பது எப்படி என்று எழுத்தாளர்களுக்கே பாடம் எடுப்பவள்! பல் பிடுங்குகிறவளுக்கு இது எங்கிருந்து வந்தது? வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் போன் செய்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி வர்ற கையுறையை மட்டும் எடுத்துடு. படிக்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க." நாக்கு கூசவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி."

நாத்தனார் அப்படியே எடுத்துக் கொடுத்தாள். பதிப்பக முதலாளி படித்துவிட்டு, "ராணி திடீர்னு டிராகனாகுறா. வானத்துலேருந்து குதிச்ச மாதிரி இருக்கு. திருப்பி அனுப்பிடுங்க" என்றார். அன்று மத்தியானம் அண்ணிக்குச் சாப்பாடு ருசித்தது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அழவில்லை. "விடுங்க அண்ணி. பல்லைப் பிடுங்கினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கணும். உங்களைத்தான் வீணா சிரமப்படுத்திட்டேன்" என்று சிரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு.

காலையில் முதல் வேலையாகப் பழைய பிரதியை முதலாளி மேசையில் வைத்தாள். படித்து முடித்ததும் அவரே எழுந்து வந்தார்.

"இப்பத்தான் கதை நிக்குது! இந்தக் கையுறை உங்க வேலைதானே மேடம்? டாக்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாத்தனாரே மறுக்கமாட்டாள்.

"இல்லை சார். அவளே வெச்சது. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"பொறாமை சார்."

வேடிக்கை என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணி நாத்தனாரைக் கூப்பிட்டாள். "புத்தகம் வருது. கையுறையோட. நான் சொன்னதுதான் தப்பு."

மறுமுனையில் ஒரே சந்தோஷக் கூச்சல். அது அடங்கியதும் தயங்கித் தயங்கிக் கேள்வி வந்தது: "அப்போ ரெண்டாம் பாகம் எழுதட்டுமா அண்ணி? மனசுல முழுசா இருக்கு."

மறுபடி வயிறு எரிந்தது. "எழுது" என்ற அண்ணியால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. "ஆமா, ராணி என்ன ஆகுறா?"