தம்பி வராத பயணம்

அம்மாவின் இறுதிச் சடங்கில்தான் நொபுயோ தன் தம்பியை ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தாள். அப்பா வீட்டுப் பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள், போய்ச் சேருமென்ற நம்பிக்கை இல்லாமல்தான். கடைசி வரிசையில் நின்ற மனிதன் முறை வந்ததும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வாசலுக்கு நடந்தான். அவன் காதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் காது.

"தெட்சுரோதானே?" என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டாள்.

"ஆமாங்க," என்றான் அவன். "கடுதாசி வந்துச்சு."

அவளுக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா அப்பாவை விட்டுப் பிரிந்தாள். மகள் அம்மாவோடு ஒசாகாவுக்கு வந்தாள். மகன் கடலுக்கு அந்தப் பக்கம் தகமட்சுவில் அப்பாவிடம் இருந்துவிட்டான். குடும்பப் பெயரைச் சுமக்க வேண்டியவனைக் கொடுக்க மாட்டோம் என்று அப்பா வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதற்குமேல் அம்மா எதுவும் சொன்னதில்லை.

நொபுயோ ஒசாகாவில் ஒரு பெரிய கடையில் பரிசுப் பொருள்களுக்குக் காகிதம் சுற்றும் வேலையில் முப்பது வருஷம் இருந்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை சுற்றுலாப் பேருந்தில் கிளம்பிவிடுவாள். கனசாவாவின் பனி, ஒகினாவாவின் கடல், வடக்கே நண்டுச் சாப்பாடு. எல்லாம் பார்த்தாள். ஒவ்வொரு முறையும், இங்கே அது இருக்கும் என்று போவாள். இனிப்புப் பெட்டிகளோடு திரும்புவாள். அவள் தேடியது அந்த ஒரே பயணத்தில் இருந்த சந்தோஷத்தை. அப்பா வீட்டிலிருந்து கிளம்பி, தகமட்சுவில் படகு ஏறி, ஹிமேஜி கோட்டையைப் பார்த்து, அரிமாவில் வெந்நீர் ஊற்றில் குளித்து, அம்மாவும் அவளும் மூன்று நாள் சுற்றிக்கொண்டே ஒசாகா வந்த பயணம். அம்மா அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு அவள் பார்த்ததில்லை.

அக்டோபரில் தம்பிக்குத் தொலைபேசினாள். "அம்மா என்னைக் கூட்டிட்டு வந்த வழியிலயே ஒருதடவை போலாமா? நாம ரெண்டு பேரும்."

"மீன் சந்தைல குளிர்பெட்டி ரிப்பேர் பாக்குறவன் நான். நாலு நாள் லீவு கேட்டா முதலாளி மயக்கம் போட்டு விழுவாரு. சரி, கேட்டுப் பாக்குறேன்."

தகமட்சு துறைமுகத்தில் காலையிலேயே உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படகு ஏறினார்கள். அம்மாவோடு வந்தபோது ஏறிய, ரயில்வே நடத்திய பெரிய கப்பல், கடலுக்கு மேல் பாலம் வந்த வருஷமே நின்றுபோயிருந்தது. இது லாரிகள் ஏற்றும் சின்னப் படகு. மேல்தளத்தில் காற்றடித்தது. தீவுகள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. நொபுயோ பேசிக்கொண்டே வந்தாள். அம்மா எந்தப் பக்கம் நின்றாள், என்ன வாங்கிக் கொடுத்தாள் என்று. தெட்சுரோ கேட்டுக்கொண்டு வந்தான்.

ஹிமேஜியில் செங்குத்தான மரப்படிகளில் ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, இன்னும் ஒரு மாடின்னு சொன்னீங்கன்னா, என்னை இங்கேயே அடக்கம் பண்ணிட்டுப் போயிடுங்க."

"தொப்பையைக் குறை முதல்ல."

"அது உடோன் பண்ணின பாவம், நான் பண்ணல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதோ வந்துவிட்டது என்று தோன்றியது. அன்றிரவு அங்கேயே தங்கினார்கள்.

மறுநாள் அரிமாவில் குளித்துவிட்டு, விடுதி கொடுத்த பருத்தி அங்கிகளோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நொபுயோ தம்பியின் கிண்ணத்தில் சாக்கே மது ஊற்றினாள்.

"இங்கதான் அம்மா சொன்னா, 'நொபு, எவ்வளவு நாளாச்சு இப்படி இருந்து'ன்னு. குழந்தை மாதிரி தண்ணியை அடிச்சு விளையாடினா. நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல, தெட்சுரோ."

அவன் கிண்ணத்தை எடுக்கவில்லை. "அது எந்த மாசம்?"

"அக்டோபர். பள்ளிக்கூட விளையாட்டு விழா முடிஞ்ச மறுநாள்."

"அப்ப அதே நாள்தான்." மேசையைப் பார்த்தபடி சொன்னான். "உங்களைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா எங்கிட்ட சொன்னாங்க. சாயங்காலம் வந்துடுவோம்னு. நான் வாசல்ல உங்க ரெண்டு பேர் வீட்டுச் செருப்பையும், வந்ததும் போட்டுக்க வாகா உள்ள பாத்து திருப்பி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நாலாவது நாள் அத்தை எடுத்துப் பரண்ல போட்டாங்க."

நொபுயோ சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "தம்பி ஏன் வரலைன்னு அந்த மூணு நாள்ல ஒருதடவையாவது கேட்டீங்களா?"

கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், நம்பத்தான் கேட்டான். அவள் அந்தப் பயணத்தைக் கோடி முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். படகில், கோட்டையில், ரயிலில் எங்கேயும் அவன் இல்லை.

"கேக்கல," என்றாள். "ஜன்னலோரம் எனக்கே கிடைச்சுதுன்னு இருந்துச்சு. அம்மாவும் எனக்கே."

அவன் தலையாட்டினான். "நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். எட்டு வயசுதானே." பிறகு அவளுக்கு மீன் துண்டை எடுத்து வைத்தான். "ஆறிடும், சாப்பிடுங்க."

காலையில் அவன் ஊருக்குத் திரும்பப் பையைக் கட்டிவிட்டான். அம்மாவின் கல்லறைக்கு ஒசாகாவரை வருவதாகத்தான் பேச்சு.

"எனக்கு அவங்க மேல கோபம் இல்லக்கா. அங்க நின்னு என்ன சொல்றதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை எங்கேயாவது போலாம். நீ சொல்ற இடத்துக்கு."

"எனக்கு அவ்வளவா ஊர் சுத்திப் பழக்கமில்லைங்க," என்றான் அவன்.

பேருந்து வந்தது. அவன் ஏறுமுன் அவளை நன்றாகக் குனிந்து வணங்கினான், கடைக்கு வந்த வாடிக்கையாளரை வணங்குவதுபோல.

நொபுயோ தனியாக ஒசாகா போனாள். மாலைக்குள் கல்லறைக்குச் சென்று வாளியில் தண்ணீர் பிடித்துக் கல்லைக் கழுவினாள். மஞ்சள் சாமந்தி வைத்தாள். எந்த ஊருக்குப் போய் வந்தாலும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்வது அவள் வழக்கம். அன்று வாயைத் திறக்கவில்லை. துணியைப் பிழிந்து மறுபடியும் கல்லைத் துடைத்தாள். காவலாளி வந்து கதவு சாத்தப் போவதாகச் சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.