வெளியே போனவர் கன்வீனர்

எங்கள் கல்லூரியின் ஆசிரியர் மன்றக் கூட்டம் ஜூன் மாதம் தொடங்கியது. இன்று காலையிலும் நடந்துகொண்டிருந்தது. அதில் யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை. வகுப்புகள் என்ன ஆயின என்று சிலர் கேட்கிறார்கள். அவையும் நடக்கின்றன. மணி அடித்தால் மாணவர்கள் எழுந்து நிற்கிறார்கள். அடுத்த மணிக்கு உட்கார்கிறார்கள். தேர்ச்சி விகிதம் கூடியிருக்கிறது.

கூட்டம் முடியாததற்குக் காரணம் ஒரு வழக்கம்தான். ஏதாவது ஒரு குழுவுக்குக் கன்வீனர் போட வேண்டும் என்றால், கூட்டத்தில் இல்லாதவர் பெயரைப் போட்டுவிடுவோம். இல்லாதவர் மறுத்துப் பேச முடியாது. இருப்பவர்கள் தலை தப்பியது என்று டீ குடிக்கலாம். ரொம்ப வருடங்கள் நிர்வாகம் இப்படித்தான் ஓடியது. பிறகு எல்லோரும் விவரமாகிவிட்டோம். கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் என்று யாரும் இல்லை. வந்தவர் யாரும் வெளியே போவதும் இல்லை.

தாவரவியல் சுந்தரலிங்கம் சார் வடை தின்ற கையைக் கழுவ வெளியே போனார். அவர் சோப்புப் போடுவதற்குள் குடிநீர்க் குழுக் கன்வீனர் ஆகிவிட்டார். இப்போது மேல்நிலைத் தொட்டியின் மேல் இருக்கிறார். காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது அவர் கால அவகாசம் கேட்பது காதில் விழும். வணிகவியல் ஹேமாவதி மேடம் தும்முவதற்காக முகத்தை மட்டும் சன்னலுக்கு வெளியே நீட்டினார். முகம் அவையில் இல்லை என்று தீர்மானித்து, முகத்தை டெங்கு ஒழிப்புக் குழுவில் போட்டோம். மீதி மேடம் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். முன்பைவிட நன்றாகப் பழகுகிறார்.

நான் பொருளாதாரம். என்னை எல்லோரும் எகனாமிக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வேறு பெயர் உண்டு.

இன்று காலை என் மனைவி முத்துச்செல்வி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். சன்னலுக்கு நேரே வாகை மரத்தடியில் நிறுத்தினாள். இறங்கவில்லை. முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு நகர்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன் சீட்டு எனக்கு.

அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. நாளைக்கு ஆபரேஷன். இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட் வேறு ஆளுக்குப் போய்விடும். கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் அவள் எனக்குப் போனில் சொல்லியிருந்தாள். நானும் இதோ வாரேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் கூட்டத்தில் அறை எண் ஏழு வந்துவிட்டது.

அறை எண் ஏழு வேதியியல் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு துறையும் அதைக் கேட்கின்றன. ஏற்கெனவே பலரைக் கன்வீனராகப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டோம். யாரும் திரும்பவில்லை. கதவு இடுக்கு வழியாக அவ்வப்போது ஒரு தாள் மட்டும் வரும். 'ஆய்வு தொடர்கிறது' என்று இருக்கும். பிறகு தாளும் நின்றுவிடும். நாங்கள் அடுத்த ஆளைப் போடுவோம்.

வேதியியல் தலைவர் பியூலா மேடம் எழுந்தார். "அந்த ரூமுக்குள்ள இன்னும் ஆசிட் வாடை அடிக்கி. அது எங்க வாடை."

"வாடை வாரதுக்கு முன்னாடியே அங்க இருட்டு இருந்துச்சு" என்றார் வரலாற்றுத் தலைவர் வேலாயுதப்பெருமாள். "இருட்டு எங்க டிபார்ட்மெண்ட்."

"ரெக்கார்டு இருக்கா?"

"இருட்டுல என்னத்த ரெக்கார்டு எழுத?"

இவர்கள் பேசப் பேச வராண்டா நீண்டுகொண்டே போனது. மேடம் பேசினால் கிழக்கே ஒரு தூண் கூடியது. சார் பேசினால் மேற்கே ஒரு தூண் கூடியது. பொதுப்பணித் துறைக்குத் தெரிந்தால் வம்பு என்று யாரும் வெளியே சொல்வதில்லை.

பொறுப்பு முதல்வர் கோமதிநாயகம் சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பில் இருப்பவர் முதல்வர் நாற்காலியில் உட்காரக் கூடாது. அதில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. முக்கியமான விஷயங்களில் அவர் துண்டின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"கன்வீனர் போட்டாத்தான் அடுத்த பொருளுக்குப் போக முடியும்" என்றார். "யாரு இல்லை?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். எல்லோரும் இருந்தோம்.

என் போன் சட்டைப் பையில் துடித்தது. மேசைக்கு அடியில் தலையைக் குனித்து அதை எடுத்தேன். தலை மேசைக்கு அடியில் இருப்பது அவையில் இருப்பதாகுமா என்பதில் இன்னும் தெளிவு இல்லை. அதனால் ஒரு காதை மட்டும் மேலே விட்டிருந்தேன்.

"கெளம்பிட்டீங்களா?" என்றாள் முத்துச்செல்வி.

"கெளம்பிட்டேன்."

"நீங்க உக்காந்திருக்கது எனக்கு இங்கருந்து தெரியுது."

"உக்காந்துட்டேதான் கெளம்பிட்டிருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை அவள்.

நான் எழுந்து நின்றேன். "சார், ஒரு பெர்மிஷன். வீட்டுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்."

"போங்களேன் எகனாமிக்ஸ்" என்றார் கோமதிநாயகம் சார், மிகவும் கனிவாக. "ஒங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா?"

மண்டபம் முழுக்கப் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் எழுதத் தயாராக இருந்தார்கள். இவ்வளவு அன்பான முகங்களை நான் இந்தக் கல்லூரியில் பார்த்ததே இல்லை. வேலாயுதப்பெருமாள் சார் எனக்காகக் காலை ஒதுக்கி வழி விட்டார்.

கதவை நோக்கி நடந்தேன். நான் நடக்கும் திசையில் மண்டபத்துக்கு ஒரு வரிசை நாற்காலி கூடியது. அப்புறம் இன்னொரு வரிசை. எப்படியோ வாசலை எட்டிவிட்டேன். ஒரு காலை உள்ளேயே வைத்துக்கொண்டு மற்றதை வெளியே வைத்தேன். முத்துச்செல்வி என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

பின்னால் பியூலா மேடத்தின் குரல் கேட்டது. "பாதிக்கு மேல வெளிய இருக்காரு."

"மூக்கு உள்ளதான இருக்கு" என்றார் யாரோ.

"மூக்கு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு பாருங்க."

ஓட்டுக்கு விடப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் ஏழாம் நம்பர் அறைக்குள் போய்விட்டால் இவளை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? இவளுக்காகத்தான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மண்டபத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பேனாக்கள் மூடின. ஹேமாவதி மேடம் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

முத்துச்செல்வி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வெயில் நகர்ந்து அவள் மேல் விழுந்தது. நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பியூலா மேடம் சன்னலைப் பார்த்தார். "வெளிய வண்டியில ஒரு அம்மா இருக்காங்களே. அது யாரு?"

"யாரா இருந்தா என்ன" என்றார் வேலாயுதப்பெருமாள் சார். "அவங்க இங்க இல்லை."

வரலாறும் வேதியியலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சேர்ந்தாற்போல ஒரு கருத்து அதுவரை அவர்களுக்கு வந்ததே இல்லை. பின்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அவ என் வீட்டுக்காரி" என்றேன். "அவ ஸ்டாஃப் இல்லை."

"ஸ்டாஃபா இருந்திருந்தா உள்ள உக்காந்திருப்பாங்களே" என்றார் பியூலா மேடம்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்லை."

"ஒடம்பு சரியா இருக்க ஆளு யாரும் கன்வீனர் ஆனதில்ல சார்."

கோமதிநாயகம் சார் துண்டைப் பார்த்தார். துண்டின் ஒரு நுனி மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்தது. "எகனாமிக்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்கிறாரு" என்றார். "சரி. ஜனநாயகம்தான். மாத்துப் பேர் சொல்லுங்க. இங்க இல்லாத ஆளா இருக்கணும்."

மண்டபத்தைப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். தூங்குகிறவர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லலாம். யாரும் தூங்கவில்லை. இமைக்கக்கூட இல்லை.

பிறகு எனக்குப் புரிந்தது. நான் எழுந்து வெளியே போனால் போதும். நான்தான் இல்லாதவன். என் பெயரைப் போடுவார்கள். அவள் தப்பித்துவிடுவாள். கதவு அப்போது மிகவும் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல இருந்தது.

நான் யோசித்தேன். நான் அறைக்குள் போய்விட்டால் கையெழுத்துப் போடுவது யார்? தனியாக வந்த நோயாளியைச் சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டாலும் ராத்திரி கூட யார் படுப்பது? சாப்பாடு யார் வாங்கி வருவது? எல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடை தேடினேன். என் யோசனையில் ஒரு தப்பும் இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

"மாத்துப் பேர் வரல" என்றார் கோமதிநாயகம் சார். "நிறைவேறிச்சு."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. கை மேசை மேல்தான் இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே முத்துச்செல்வி ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"ஏழாம் நம்பர் ரூம் எந்தப் பக்கம்?"

"வராண்டாவுல நேராப் போகணும்" என்றேன். "கொஞ்சம் தூரம்."

"உள்ள என்ன செய்யணும்?"

"ஆய்வு."

அவள் தலையசைத்தாள். வீட்டில் எரிவாயு சிலிண்டர் காலியாகிவிட்டது என்று நான் சொன்னால் எப்படித் தலையசைப்பாளோ அப்படித்தான். "நீங்களும் கூட வாரீங்களா?" என்றாள்.

"கூட்டம் முடியட்டும்."

"சரி" என்றாள்.

அவள் வராண்டாவில் நடந்தாள். பியூலா மேடமும் வேலாயுதப்பெருமாள் சாரும் பேசுவதை நிறுத்திவிட்டதால் வராண்டா நீளவில்லை. அறை சீக்கிரமே வந்துவிட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது.

"இனிப் பொருள் ஒண்ணும் இல்ல. கூட்டம் நிறைவடைந்தது" என்றார் கோமதிநாயகம் சார்.

எல்லோரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். நான்தான் முதலில் வெளியே ஓடினேன். ஏழாம் நம்பர் அறைக் கதவைத் தட்டினேன். "செல்வி, கூட்டம் முடிஞ்சிட்டு" என்றேன். கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது. அவள் கையெழுத்து. 'ஆய்வு தொடர்கிறது' என்று இருந்தது. பால் கணக்கு எழுதும்போது வருகிற அதே சாய்ந்த எழுத்து. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கதவைத் தள்ளிப் பார்த்தேன். அது சுவரைப்போல நின்றது.

நாலு மணிக்குப் பெட் போய்விடும். அது ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. கட்டிலையாவது பிடித்து வைப்போம், அவள் வந்ததும் படுத்துக்கொள்ளட்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் பின் சீட்டில் ஆள் இருப்பதுபோலவே மெதுவாக ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்தாள். "பேஷண்ட் எங்க?"

"வரலை. ஒரு குழுவுல போட்டுட்டாங்க."

"வராத ஆளுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது சார். இங்க வந்தவங்களுக்குத்தான் பண்ணுவோம்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வந்திருக்கீங்கல்ல."

சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். கட்டிலில் படுத்தேன். விரிப்பு ஜில்லென்று இருந்தது.

"எந்தப் பக்கம்?"

"இடது" என்றேன்.

அவள் விரல்களை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் தள்ளி மறுபடியும் அழுத்தினாள். "ஆமா, இருக்கு" என்றாள். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். நெல்லிக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது. வலி இல்லை. இத்தனை மாதம் இதைத்தான் அவள் தனியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"கூட யாரு வந்திருக்கா?" என்றாள் நர்ஸ். "கையெழுத்துப் போடணும்."

"என் வீட்டுக்காரி."

"எப்ப வருவாங்க?"

"வேலையா இருக்கா. முடிச்சிட்டு வருவா."

நர்ஸ் போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனாள். வார்டில் வரிசையாகக் கட்டில்கள் இருந்தன. ஆண்களும் பெண்களும் படுத்திருந்தார்கள். சிலர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டைகூடக் கழற்றப்படாமல் கிடந்தது. யார் கட்டிலுக்குப் பக்கத்திலும் கூட வந்தவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் வாசல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள்.

நானும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.