கறுப்புச் சட்டத்துக்குள் டாம் மாமா

சீனர்கள் நிறைந்த பாக்ஸ் ஹில் கடைத்தெருவில் ஒருவரையும் இயல்பாகப் படம் பிடித்துவிட முடியாது. கேமராவைக் கண்டதும் மீன்கடை இங் வயிற்றை எக்கிக்கொள்வார். சதுக்கத்தில் ஆடும் அக்காமார் சிவப்புத் துப்பட்டாவைப் பறக்கவிட்டு இரண்டு விரலைத் தூக்குவார்கள். பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் ஹோய்-சிங் இரண்டு வருடச் சனிக்கிழமைகளை இப்படியே தொலைத்தாள். கடைசியில் ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது. வாத்துக்கறிக் கடை டாம் விங்-ஃபாட், ஓங்கிய கத்தியோடு, யாரோ சொன்ன கதைக்கு வாய்கொள்ளாமல் சிரித்தார். அமுக்கிவிட்டாள். மாமா கவனிக்கவே இல்லை.

அப்புறம் போய் அனுமதி கேட்டபோது, படத்தைப் பார்க்காமலே, தாராளமாக மாட்டிக்கொள், நாலு பேர் கடைக்கு வரட்டும் என்றார்.

அந்தப் படத்தை நடுவில் வைத்து, வட்டாரக் கூடத்தில் கண்காட்சி. பதினொரு முகங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை, பெரிய கறுப்புச் சட்டம். ஒரே நிபந்தனை: படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் படம் இறங்கிவிடும். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரி ஹெதர் நல்ல மனுஷி. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று, சனிக்கிழமை காலை நடுப்படத்துக்குக் கீழே ஒரு ஜாடி வெள்ளைச் சாமந்தியும் ஒரு தட்டு ஆரஞ்சும் வைத்தாள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் இங். டாம் மாமாவின் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மூன்று முறை குனிந்து வணங்கினார். பின்னால் வந்த அக்காமார் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் ஹோய்-சிங்குக்கு உறைத்தது. தாத்தாவின் சாவில் இப்படியொரு படத்தின் முன்னால் அவளும் மூன்று முறை குனிந்தவள்தான். கறுப்பு வெள்ளை முகம், கறுப்புச் சட்டம், வெள்ளைப் பூ, பழம். ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி. வெளிச்சம், நிழல் என்று பார்த்துப் பார்த்தே கண் அவிந்து போயிருந்தது.

டாம் மாமா புதுச்சட்டையில், மனைவியோடு, ஒரு பெட்டி வாத்துக்கறியோடு வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"நான் எப்போ செத்தேன்?" என்றார். மனைவியிடம் திரும்பினார். "உனக்காச்சும் தகவல் வந்துச்சா?"

"கடையில ஒரே கூட்டம். கவனிக்கல," என்றாள் அவள்.

கூடம் கொல்லென்று சிரித்தது. ஹோய்-சிங் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. கண்ணீர் வழிய, "மாமா, சத்தியமா..." என்று மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் சிரிப்பில் விழுந்தாள்.

மாமா சிரிக்கவில்லை. "கழட்டு," என்றார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. இவர் படம் இறங்கினால் மற்ற பத்துப் பேரும் தங்கள் படத்தை இறக்கச் சொல்வார்கள். இரண்டு வருடமும் போச்சு. நாற்காலியில் ஏறிச் சட்டத்தில் கை வைத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் மாமாவின் மனைவி. "இந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்து எத்தனை வருஷமாச்சு. பாத்துக்கறேன், அப்புறம் கழட்டு."

அவள் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மாமாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், வெகுநேரம். பிறகு தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, உரித்து, எல்லோரும் பார்க்கத் தின்றார்.

"செத்தவன் தின்பானா? இருக்கட்டும், விடு."

அக்காமார் துப்பட்டாக்களை அவிழ்த்துச் சட்டங்களுக்கெல்லாம் மங்கலச் சிவப்புக் கட்டினார்கள். மாமா தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, கிள்ளிப் பார், உயிரோடுதான் இருக்கிறேன், நாளைக்கும் கடை உண்டு என்றார். மீன்கடை இங்குக்குப் பொறுக்குமா? அவரும் தன் படத்தடியில் போய் வயிற்றை எக்கினார். மதியத்துக்குள் பதினொரு பேரும் அவரவர் படத்தோடு நின்று வாத்துக்கறி தின்றார்கள். ஹோய்-சிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாமா அவளை ஓரமாக அழைத்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு போட்டு உன் வீட்ல வை. என் பையன் கடைசிக் காரியத்துக்குன்னு பாஸ்போர்ட் படத்தை எடுத்து வச்சிருக்கான். அதுல நான் திருடனாட்டம் இருக்கேன். நேரம் வரும்போது இதைக் குடு. எப்படியும் இருபது வருஷம் ஆகும். கசங்காம பாத்துக்க."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அன்றைக்கே இன்னொரு பிரதி போட்டு உறையிலிட்டு, மேலே எழுதினாள்: டாம் மாமா. அவசரமில்லை.