நீலத்தாளும் கம்பெனி பஸ்ஸும்

பால் காய்ச்சினேன். தோசை ஊற்றினேன். யுவஸ்ரீக்கு இரட்டைச் சடை போட்டேன். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. மூக்கண்டப்பள்ளி முனையில் கம்பெனி பஸ்கள் இரவு ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. தினமும் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதோடு சரி. அன்று நானும் போனேன். வரச் சொல்லியிருந்தார்கள்.

மகளுக்கு வாசிக்க வரவில்லையாம். இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவதா, ஒன்றிலேயே உட்காரவைப்பதா என்று பெங்களூர் நிபுணர் சந்தோஷ் சொல்வார் என்றார் வகுப்பாசிரியை மேகலா. நிபுணரின் மருந்து நீலக் கண்ணாடித்தாள். பாதிப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு மீன்தொட்டி மாதிரி இருந்தது.

"கண்ணு பார்க்குது சார், மூளை வாங்கிக்கல. விஷுவல் ப்ராசஸிங் ப்ராப்ளம்."

"கண் டாக்டர் நல்லாருக்குன்னாரே?"

"டாக்டருங்க கண்ணைத்தானே பார்ப்பாங்க." சந்தோஷ் பெருமையாகவே சொன்னார்.

நீலத்தாள் சுற்றிய அட்டையை நீட்டினார். பெரிய பஸ் படம், கீழே 'பேருந்து'.

"கம்பெனி பஸ்," என்றாள் யுவஸ்ரீ.

அடுத்தது மஞ்சள் 'தொப்பி'.

"ஹெல்மெட்டு. அப்பாது."

"பார்த்தீங்களா? எழுத்து ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. இன்னும் பெரிய படமா குடுக்கணும். இந்த வருஷம் ஒண்ணாவதுலயே இருக்கட்டும்."

பஸ் அட்டையை வாங்கினேன். நீலத்தாளை உருவினேன். படத்தை உள்ளங்கையால் மூடினேன்.

"படி கண்ணு."

"கைய எடுப்பா."

"மாட்டேன். படி."

முறைத்தாள். "பே... ரு... பேருந்து. அப்படின்னா என்னப்பா?"

"தற்செயல்," என்றார் சந்தோஷ். "அப்பா கை ஒரு எமோஷனல் சப்போர்ட்." என் கை நீலமாக இல்லாததுதான் குறை.

மேகலா தன் கையால் மூடி நாலைந்து அட்டைகள் காட்டினார். எல்லாவற்றையும் படித்தாள்.

"ரெண்டாவதுக்கே வரட்டும் சார். இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"என் மனைவி."

சுசித்ரா இறந்தது அவருக்குத் தெரியும். "பாவம்," என்றார்.

'என் தங்கத்தை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் நஞ்சம்மா சொல்கிறார். அப்போது அவர் இருந்தது உத்தனப்பள்ளியில். சுசித்ரா அப்படியெல்லாம் பேசுகிறவளும் இல்லை. கடைசி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து யுவஸ்ரீ ஒரு படப்புத்தகத்தை மூச்சுவிடாமல் படித்துக் காட்டினாள். சுசித்ரா ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"படத்த மூடிட்டுப் படிக்கச் சொல்லுங்க. ஏமாத்தறா, கள்ளி."